மேட்டில் பிடிக்காத கியர்

மாஸ்டருக்கு யாராவது யோசனை சொன்னால் பிடிக்காது. மனைவி சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது. பஸ் டிப்போவில் ஆயுசு பூரா கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டியவர். "மாஸ்டர், மாஸ்டர்" என்று எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பேர் தலைக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அவர் தொட்ட வண்டி வழியில் நின்றதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அவர் தொட்டதெல்லாம் கிளட்ச் வைத்த வண்டி.

வீட்டு வாசலில் நின்ற பழைய பிக்கப் அப்படியில்லை. மனைவிக்கு இடது முழங்கால் உடைந்து உள்ளே பிளேட் வைத்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால், தேடி அலைந்து வாங்கிய ஆட்டோமேட்டிக். அவளுடைய தம்பி கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவன் அறுத்துக் கொடுக்கும் கண்ணாடிகளை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள்தான். கொஞ்ச நாளாக வண்டி கியர் மாறும்போதெல்லாம் ஒரு உதறு உதறியது. கியர் ஆயிலை மாற்றியே ஆகவேண்டும் என்றானபோது, "வழக்கமா போற பட்டறையிலயே விட்டுடலாமேங்க," என்றாள். அவ்வளவுதான், மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வீட்ல நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பட்டறையாம் பட்டறை! கேட்டா சிரிப்பாங்க."

மறுநாள் காலையிலேயே வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, கறுத்துப்போன ஆயிலைத் தொட்டியில் பிடித்தார். தட்டிலிருந்த காந்தத்தில் மை மாதிரி அப்பியிருந்த இரும்புத்தூளைத் துடைத்தார். புது ஃபில்டர், புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி ஒரே சீராக இறுக்கினார். புது ஆயில் சிவப்பாக இறங்கியது. அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவினார். மேல்கோட்டில் கச்சிதமாக நின்றது. "பாத்தியா?" என்று மனைவியிடம் நீட்டிக் காட்டினார். மிச்ச ஆயில் கேனை சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். வெண்ணெய் மாதிரி போனது.

எல்லாம் சரி, கம்பியைப் பார்த்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. எஞ்சின் ஆயிலை அப்படித்தான் பார்ப்பார்கள். மாஸ்டரின் கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். இந்த வண்டியின் கியர் ஆயிலை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடினால் கியர்பாக்ஸ் பாதி ஆயிலை உறிஞ்சி மேலே வைத்துக்கொள்ளும், அப்போதுதான் பற்றாக்குறை தெரியும். கேட்டிருந்தால் மனைவியே சொல்லியிருப்பாள், பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தவள். இந்த மனுஷன் கேட்டால்தானே!

அன்று சாயங்காலத்துக்குள் மேட்டுத்தெரு உச்சியில் புதிதாகத் திறக்கப்போகும் துணிக்கடைக்கு முகப்புக் கண்ணாடி போய்ச் சேர வேண்டும். ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடி. பின்னால் மரச்சட்டத்தில் சாய்த்துக் கயிறு கட்டி, அடியில் மர ஆப்பு அடித்து, தம்பி அதைப் பிடித்தபடி நின்றுகொண்டான். அவள் ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "எப்படிப் போகுது பாரு," என்றார்.

மேட்டுத்தெரு நெட்டுக்குத்தாக ஏறும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கீழே இருக்கிற வீடுகளின் கூரை. பாதி மேடு ஏறியதும் எஞ்சின் திடீரென்று அலறியது. வண்டி இழுக்கவில்லை. ஒரு நொடி அப்படியே நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அவள் பிரேக்கில் ஏறி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"அக்கா!" தம்பியின் குரல் கீச்சென்று வந்தது. "ஆப்பு நழுவிடுச்சு! கண்ணாடி மொத்தமும் என் மேலதான் சாஞ்சிருக்கு. கையை எடுத்தா காலி!"

மாஸ்டர் கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நீ ஒரேயடியா மிதிச்சிருப்ப. மெதுவா குடு."

மெதுவாகக் கொடுத்தாள். எஞ்சின் மறுபடி வெறுமே அலறியது, வண்டி பின்னால் ஒரு சாண் வழுக்கியது. தம்பி "ஐயோ" என்றான். அவள் பிரேக்கை மிதித்து, லீவரை பார்க்கிங்கில் தள்ளினாள். கை பிரேக் கேபிள் தளர்ந்து எத்தனையோ மாதம் ஆகிறது. இந்தப் பாரத்தை, கியர்பாக்ஸுக்குள் வண்டியைப் பூட்டிப் பிடிக்கிற சின்னப் பல் தாங்குமா என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மாஸ்டர் குதித்து இறங்கி, சுவரோரம் கிடந்த ஒரு கல்லைப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தார். கல்லா அது, வெறும் காரைக்கட்டி. சக்கரம் அழுத்தியதும் மாவாகப் போனது. வேறு கல் கண்ணில் படவில்லை.

"எஞ்சினை ஆஃப் பண்ணு, ஆயில் பாக்கறேன்."

அணைத்தாள். பானெட்டைத் தூக்கிக் கம்பியை உருவினார். மேல்கோட்டில் அழகாக நின்றது.

"ஆயில் ரொம்பியிருக்கு! என் மேல தப்பில்ல. உன் கியர்பாக்ஸ்தான் போச்சு."

"ஏங்க, எஞ்சின் அணைஞ்சிருக்கும்போதா பாப்பாங்க? பட்டறையில ஓடிட்டு இருக்கும்போதுதான் பாப்பாங்க."

"எவன்டி அவன் மடையன், ஓடற வண்டியில ஆயில் பாக்கறவன்?"

"காலையிலயும் அணைச்சு வெச்சுத்தான் பாத்தீங்களா?"

பின்னால் தம்பி மூச்சு வாங்குவது கேட்டது. "மாமா, கை மரத்துப் போகுது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க மாமா." அவன் அக்காவைக் கூப்பிடவில்லை, மாமாவைக் கூப்பிட்டான். மாமா வண்டி விஷயத்தில் தவறவே மாட்டார் என்று நம்புகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார் மாஸ்டர்.

எஞ்சின் ஓடியது. கம்பியைத் துடைத்து விட்டு உருவினார். நுனியில் ஒரு சொட்டு இல்லை. திருப்பிப் பார்த்தார், மறுபடி விட்டுப் பார்த்தார். காய்ந்த கம்பி. பின்னால் நிற்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆனால், செய்தது கியர்பாக்ஸ் இல்லை, தான்தான்.

சீட்டுக்குப் பின்னாலிருந்து கேனை இழுத்தார். புனல் வீட்டில் கிடந்தது. கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கிற அட்டை ஒன்றைக் கிழித்துச் சுருட்டி, கம்பி போகிற குழாயில் செருகி ஊற்றினார். அட்டை நெகிழ்ந்து கொஞ்சம் சூடான புகைக்குழாய் மேல் சிந்தி, குப்பென்று புகை கிளம்பியது.

"தீயா?" என்று கத்தினாள்.

"புகைதான். நீ காலை எடுத்துடாத!"

"எடுக்கல. ஆனா கால் நடுங்குதுங்க. அவனுக்கு ஏதாவது ஆச்சு, உங்க முகத்துல முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவர் ஊற்றினார், பார்த்தார், ஊற்றினார். கம்பியின் நுனி நனைந்தது. பிறகு கீழ்க்கோடு. அதற்கு மேலும் கொஞ்சம். கேனை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி ஏறி, தம்பியோடு சேர்ந்து கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்தார். தம்பியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விளிம்பு அறுத்து விரலில் ரத்தம் வழிந்தது.

"வண்டியை எடு!" என்று கூவினார்.

லீவர் டிரைவில் விழுந்தது. வண்டிக்குள் 'டக்' என்று ஏதோ பிடித்தது. பின்னால் போகவில்லை. முனகிக்கொண்டே மேலே நகர்ந்தது. உச்சிக்குப் போய், சமதரையில் கடை வாசலில் நின்ற பிறகுதான் மூன்று பேருக்கும் மூச்சே வந்தது.

கயிற்றை இறுக்கி, ஆப்பைச் சரியாக அடித்த பிறகு தம்பி கீழே இறங்கி விரலில் துணியைச் சுற்றினான். "நல்லவேளை மாமா, நீங்க கூட வந்தீங்க. இல்லேன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்."

மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மாஸ்டரைப் பார்த்தாள். அந்த நன்றியை மாஸ்டர் வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தால் வைத்துக்கொண்டிருக்கலாம். அவள் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி?

"இல்ல மாப்ள. ஆயில் பத்தல. காலையில எஞ்சினை அணைச்சு வெச்சு அளவு பாத்துட்டேன், ஓட விட்டுப் பாக்கணும்னு எனக்குத் தெரியல. உன் அக்கா பட்டறையில விடச் சொல்லியும் கேக்கல. தப்பு என்னோடது."

தம்பி அவரையே பார்த்தான். பிறகு கண்ணாடியின் ஒரு முனைக்குப் போய் நின்று, "அக்கா, நீ வந்து அந்தப் பக்கம் பிடி," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

"என் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கடா பிடிக்கிறது? அவரே பிடிக்கட்டும்," என்றாள் அவள்.

தம்பி நகராமல் நின்றான். மாஸ்டர் கையிலிருந்த ஆயிலை வேட்டியில் அழுந்தத் துடைத்துக்கொண்டு மறுமுனைக்குப் போனார். கண்ணாடியைத் தொடவில்லை.

"எங்க பிடிக்கணும், எப்படித் தூக்கணும்னு சொல்லு மாப்ள," என்றார். "நீ சொல்றபடி செய்யறேன்."