செட்டில் என்கிற நல்ல வார்த்தை

கீழப்பழுவூர் தமிழ்மாறனுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. ஆனால் அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. காலை எட்டு மணிக்கெல்லாம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை இன் பண்ணி, ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற ஆள் ஊரிலேயே அவன் ஒருவன்தான். "வேலையில இல்லாதவன்தாண்டா வேலையில இருக்கிறவன் மாதிரி இருக்கணும்" என்பான். லாரி கான்ட்ராக்டர் ஆபீசில் வேலை நின்றுபோன விஷயத்தை மட்டும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால், "ஒரு பெரிய எடத்துல பேசிக்கிட்டு இருக்கேன்" என்பான். பேச்சு மட்டும் ஏழு மாதமாக நடந்துகொண்டே இருந்தது.

இன்டர்வியூவுக்கு எப்படிப் போவது, கடனை எப்படி முடிப்பது என்ற இரண்டு விஷயத்தில் அவன் தன்னைத்தானே நிபுணனாக நியமித்துக்கொண்டிருந்தான். கேட்காமலே சொல்வான். தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு நம் பஸ் போனதுதான்.

கடன் விஷயத்தில் அவனிடம் ஆதாரமே இருந்தது. முன்பு ஒருமுறை செல்போன் கடை வைக்கிறேன் என்று பாங்க்கில் கடன் வாங்கினான். கடை பதினோரு மாதத்தில் படுத்துக்கொண்டது. வட்டியும் முதலுமாக இரண்டு லட்சத்தைத் தாண்டி நின்றபோது, அரியலூர் கோர்ட் வளாகத்தில் நடந்த மக்கள் நீதிமன்றத்தில் பாங்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி, எண்பதாயிரத்தோடு முடித்துக்கொண்டான். அந்த எண்பதாயிரம் அவன் மனைவி பிரவீணாவின் கழுத்துச் செயின். கதையில் அந்த இடம் வராமல் பார்த்துக்கொள்வான். பாங்க் கொடுத்த கடிதத்தில் கணக்கு 'செட்டில்' ஆனதாகப் போட்டிருந்தது. செட்டில் என்றால் நம் ஊரில் எவ்வளவு நல்ல வார்த்தை! பையன் சிங்கப்பூரில் செட்டில், பெண் நல்ல இடத்தில் செட்டில் என்றுதானே சொல்கிறோம். தமிழ்மாறன் கடிதத்தை அன்றே லேமினேட் செய்து, கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

இப்போது அவன் பேச்சைக் கேட்டவன் மைத்துனன் அறிவரசன். பிரவீணாவின் ஒரே தம்பி, ஏலாக்குறிச்சியில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். படிப்புக் கடன் பாக்கி இருந்தது. மூன்று தடவை பரீட்சை எழுதி, கடைசியில் பாங்க் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேர வேண்டும். "சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன் மாமா" என்றுதான் அவன் சொன்னான். தமிழ்மாறன் விடவில்லை. பாங்க்கில் வேலைக்குப் போகிறவன் கடன்காரனாகவா போய் நிற்பது? வர்ற மக்கள் நீதிமன்றத்திலேயே செட்டில் பண்ணிவிட்டுக் கம்பீரமாகப் போக வேண்டாமா? மாமனார் இரண்டு கறவை மாட்டை விற்று, சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை அறிவரசனுக்கு அரியலூரில் கோர்ட். அதே நாள் தமிழ்மாறனுக்குப் பெரம்பலூரில் இன்டர்வியூ. காலையில் மைத்துனனுக்கு நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் அவன் கிளம்பினான்.

"மாப்ள, நல்லா கேட்டுக்க. வண்டியில போவாத, லாரிப் புழுதி பூராவும் சட்டையில ஏறிடும், பஸ்ல போ. கோர்ட்டு வாசல்லயே போனை ஆஃப் பண்ணிடு, வெளியில வர்ற வரைக்கும் ஆன் பண்ணப்புடாது. நடுவுல அடிச்சிச்சுன்னா மதிப்பு போயிடும். லெட்டர் கைக்கு வந்த ஒடனே எதுத்தாப்ல கடையில லேமினேட் போட்டுரு. தைரியமா கையெழுத்து போடு, மாமா இருக்கேன்."

இன்டர்வியூ நடந்த இடம் பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி. வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனி. கடன் கொடுப்பது, தவணை வசூலிப்பது இரண்டுக்கும் ஆள் எடுத்தார்கள். மேனேஜர் கீதாஞ்சலி அவனைவிட நாலைந்து வயது இளையவள். அவன் பேச்சும் உடுப்பும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேட்டதற்கெல்லாம் அவனும் நறுக்கென்று பதில் சொன்னான். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டான். அப்புறம் அவள் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"சார், உங்க கிரெடிட் ரிப்போர்ட்டுல ஒரு கடன் செட்டில்டுன்னு இருக்கே?"

"ஆமாங்க மேடம்! செட்டில் ஆயிடுச்சு" என்று முகமெல்லாம் பல்லாக, ஃபைலிலிருந்து லேமினேட் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

கீதாஞ்சலி கடிதத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இந்த ஆள் விளையாடுகிறானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சார், இது நல்ல வார்த்தை இல்ல. முழுசா கட்டி முடிச்சா க்ளோஸ்டுன்னு வரும். செட்டில்டுன்னா, இவரால கட்ட முடியல, பாங்க்கு மிச்சத்தை விட்டுக் குடுத்துருச்சுன்னு அர்த்தம். வருஷக்கணக்கா அதுல நிக்கும். தவணை வசூல் பண்ற வேலைக்கு உங்கள நான் எப்படிங்க எடுக்கறது?"

தமிழ்மாறனுக்குக் காது இரண்டும் சுட்டது. ஊரெல்லாம் காட்டிய கடிதம். டீக்கடையில் எத்தனை பேர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பான்! தன் திவாலைத் தானே லேமினேட் செய்து ஊர் முழுக்க நீட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிந்தது.

அவள் நல்ல பெண். எழுப்பி அனுப்பிவிடாமல் பொறுமையாகச் சொன்னாள். "பாங்க்குக்குப் போங்க. தள்ளுபடி ஆன பாக்கியையும் கட்டறேன்னு எழுதிக் குடுங்க. கட்டிட்டு, நிலுவை இல்லைன்னு சான்று வாங்குங்க. ரிப்போர்ட்டுல க்ளோஸ்டுன்னு மாத்தற வரைக்கும் விடாம கேளுங்க. அடுத்த எடத்துக்குப் போறப்ப இந்த லெட்டரை நீட்டாதீங்க. கடை நட்டமாச்சு, கட்ட முடியல, இப்ப கட்டிக்கிட்டு இருக்கேன்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. நாங்களாச்சும் பரவால்ல. பாங்க் வேலைக்கெல்லாம் இப்படி ஒண்ணு இருந்தா, குடுத்த ஆர்டரையே திருப்பி வாங்கிடுவாங்க."

"எந்த வேலைக்கு?"

"பாங்க் வேலைக்கு சார். பரீட்சை எழுதிப் போறாங்களே, அதுக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. தமிழ்மாறன் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினான்.

அறிவரசன் போன் சுவிட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தான், மறுபடியும் சுவிட்ச் ஆஃப். மாமா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை, பாவி!

அப்போதுதான் பிரவீணாவே கூப்பிட்டாள். "என்னங்க, இன்டர்வியூ என்னாச்சு?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் கோர்ட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. "ஓடிப் போய் ஒந்தம்பியத் தடுத்து நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் போட்டது போட்டபடி ஓடியிருப்பாள். தமிழ்மாறனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்பாளே? தன் செயினை விற்று வாங்கிய கடிதம் எதற்கும் உதவாத கடிதம் என்று எந்த வாயால் சொல்வது? ஏழு மாதமாகப் பழகிப்போன நாக்கு அதுவாகவே பேசிவிட்டது.

"நல்லா போச்சு. வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

அரியலூர் பஸ் நல்லவேளையாக நின்றது. ஏறி உட்கார்ந்தான். தடுத்துவிடலாம், பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். பேரளி தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே அச்சு முறிந்து படுத்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். பைக்கில் வந்தவர்கள் மட்டும் ஓரமாகப் புகுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அவன் பைக் வீட்டில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. சட்டையில் புழுதி படக் கூடாதே!

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவன் உடைந்தான். பிரவீணாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். இந்த வேலை கிடைக்கவில்லை, கடிதம் தப்பு, உன் தம்பி கையெழுத்துப் போட்டால் அவன் வேலையும் போச்சு. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் செருப்பு தேடும் ஓசை கேட்டது, அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

ஒருவழியாக லாரியை ஓரங்கட்டி வழி விட்டார்கள். அரியலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்கு அவன் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே கால். இன் பண்ணிய சட்டை வெளியே வந்து, ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. எதிர்ப்புறம் ஜெராக்ஸ் கடை வாசலில் பிரவீணா நின்றாள். நைட்டி, மேலே ஒரு துண்டு, காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு. அத்தனை வக்கீல்களும் போலீஸ்காரர்களும் நடமாடும் இடத்தில் அப்படியே வந்து நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் அறிவரசன். அவன் கையில் லேமினேட் செய்த கடிதம். மெஷினிலிருந்து அப்போதுதான் வந்திருக்கும் போல. சூடு பொறுக்காமல் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அக்கா சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

"பதினொன்னே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன் மாமா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் தமிழ்மாறனால் தாங்க முடியவில்லை.

பிரவீணா மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு எத்தினி மணிக்குத் தெரிஞ்சிச்சு?"

"பத்து அம்பதுக்கு."

"நான் போன் பண்ணப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் அழுதிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பான். அவள் முதல் முறையாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு வருஷக் கல்யாணத்தில் அவனுக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அவன் மைத்துனன் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்தான். இன்னும் சூடாகவே இருந்தது. யாரையும் கூப்பிடாமல் கோர்ட் வளாகத்துக்குள் நடந்தான். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

பாங்க் அதிகாரி ஃபைல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். கீதாஞ்சலி சொன்னது போல, அவர் கேட்பதற்கு முன்னால் தமிழ்மாறன் பேசினான்.

"சார், இந்தப் பையன் மேல தப்பு ஒண்ணுமில்ல. கட்டிடறேன்னுதான் சொன்னான். நான்தான் செட்டில் பண்ணச் சொன்னேன். நீங்க தள்ளுபடி பண்ணுன ஒரு லட்சத்து முப்பதாயிரத்தையும் கட்டிடறோம். அடுத்த மாசம் அவன் வேலையில சேர்றதுக்குள்ள நிலுவை இல்லைன்னு சான்று வேணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அதிகாரி கையிலிருந்த ஃபைல் கட்டை அப்படியே கீழே வைத்தார். "தள்ளுபடியான பணத்தைக் கட்டறேன்னு வர்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நிஜம்தான் என்று தெரிந்ததும் கடிதத்தை வாங்கி, ஓரத்தில் ஏதோ குறிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் பேனா வழுக்கியது. "இதுல எழுத முடியாதுங்களே" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். பணம் முழுசா வந்தாத்தான் எதுவும் நடக்கும். யாரு கட்டப் போறது?"

அறிவரசன் வாயைத் திறந்தான். அதற்குள் தமிழ்மாறன், "நான்தாங்க" என்றான்.

அதிகாரி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஷூவையும் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

ஒரு பெரிய எடத்துல பேசிக்கிட்டு இருக்கேன் என்ற வாக்கியம் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால் பிரவீணா நின்றாள். இந்த ஏழு மாதமும் அவன் முழுங்கிக்கொண்டே வந்த வார்த்தையை அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வேலை இல்லைங்க சார். வீட்டுல ஒரு பைக் நிக்குது. மொதல்ல அத வித்துடறேன்."