கம்பம் நட்ட ஊரில் மார்த்தாள்

பங்குனியில் மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் அந்த ஊரில் யார் வீட்டிலும் தாளிக்கக் கூடாது. மூன்று கவையாகப் பிரிந்த மரமொன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, அம்மனுக்கு எதிரே நடுவார்கள். அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும் நாள் வரைக்கும் எண்ணெய் காயக் கூடாது, கடுகு பொரியக் கூடாது. பொரிந்தால் ஆத்தாளுக்குக் கோபம் வந்து யார் மேலாவது அம்மை முத்தை வாரி இறைத்துவிடுவாள். ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது. மாரக்காளுக்கு மட்டும் தெரியாதா? அவள் பேரே அந்த அம்மனுடைய பேர்தானே!

தெரிந்துதான் தாளித்தாள். அதுதான் வினை.

போன வருஷம் அறுப்பு முடிந்த கையோடு அவளும் புருஷன் பச்சமுத்துவும் ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஊரில் வேதத்துக்குப் போனது அந்த ஒரு குடும்பம்தான். பாதிரியார் அவளுக்கு மார்த்தாள் என்று பேர் வைத்தார். ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாரக்கா, மாரக்கா என்றே கூப்பிட்டது. அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும், “மார்த்தாளுங்க” என்று திருத்துவாள். பச்சமுத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதக்காரன். அவன் பெண்டாட்டி அப்படியில்லை. களை வெட்டும்போது கீர்த்தனை, உலை வைக்கும்போது ஜெபம், தண்ணீர் சேந்தும்போது ஸ்தோத்திரம். கிணற்றடியில் நாலு பெண்கள் கூடிவிட்டால் போதும், ஆண்டவரைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். குடம் நிறைந்தாலும் விடமாட்டாள். ஆர்வம் என்றால் அப்படி ஓர் ஆர்வம்!

சங்ககிரியிலிருந்து வாரம் ஒருதரம் நடந்து வருகிற உபதேசியார் செல்லமுத்துதான் அந்த நெருப்பை ஊதிவிட்டவர். அவர் சாது மனுஷர், ஆனால் பேசும்போது எங்கே போய் நிற்பார் என்று சொல்ல முடியாது. கம்பம் நட்ட வாரம் வந்தவர், “விசுவாசம் கோயில்ல மட்டும் இருந்தாப் பத்தாதும்மா. அடுப்படியிலயும் இருக்கோணும். ஊருக்குப் பயந்து ஒளிச்சு வெக்கிறவன் ஆண்டவனையே ஒளிச்சு வெக்கிறான்” என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது பொதுவான பேச்சு. இவள் அடுப்படி என்றதும் அடுப்பைத்தான் பார்த்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டியில் எண்ணெயை ஊற்றிக் கடுகைப் போட்டாள். வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்ந்து தெருக்கோடி வரைக்கும் மணத்தது. பச்சமுத்து கிணறு வெட்டப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் சட்டியைத் தூக்கி வெளியே கடாசியிருப்பான்.

முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள். இடுப்பில் அவள் மகள் அத்தாயி. நாலு வயசுப் பெண். பாதி நாள் மார்த்தாள் வீட்டில்தான் கிடப்பாள், மார்த்தாளுக்குப் பிள்ளையில்லாத குறையைத் தீர்த்து வைத்தவள்.

“அடிப் பாவி! என்ன காரியம் பண்ணிப்போட்டே? இறக்கு சட்டிய!”

“என்ற சாமிக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லை அக்கா. நீ பயப்படாதே.”

“உன்ற சாமி உனக்கு. எம் புள்ள இந்தத் தெருவுலதானே மூச்சு விடுது?”

மார்த்தாள் சட்டியை இறக்கவில்லை. சிரித்து மழுப்பினாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அடுத்த நாள் பொழுது ஏறும் முன்னே அத்தாயிக்குக் காய்ச்சல் அடித்தது. பிறகு நெற்றியில், உதட்டோரத்தில், உள்ளங்கையில் முத்துப் போட்டது. பழனியம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகினார்கள். ஊர் முழுக்க ஒரே பேச்சு: வேதக்காரி தாளித்தாள், ஆத்தா இறங்கிவிட்டாள்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அக்கம்பக்கத்து ஊர்ல எல்லாம் ஒரு மாசமா அம்மை இருக்குது. எங்கியோ தொத்தியிருக்குது” என்றான் பச்சமுத்து. சொன்னவன் குரலே சரியாக இல்லை. “ஆனா ஊர் வாய்க்கு ஏது மூடி? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மளை உசுரோட விடமாட்டாங்க. கிளம்பு, சேலத்துக்குப் போயிரலாம். செவ்வாய்ப்பேட்டையில மூட்டை தூக்கியாச்சும் பொழைக்கலாம்.”

“கம்பம் நட்ட ஊரை விட்டுப் போனா அதுக்கும் நம்மளைத்தான் சொல்லுவாங்க.”

“அப்பக் கம்முனு உள்ளயே கெட. அந்தப் பக்கம் தலைய நீட்டாதே.”

மார்த்தாள் உள்ளேயே கிடந்தாள். ஊருக்குப் பயந்தாள், அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. அதைப் புருஷனிடம் சொல்ல முடியாது, உபதேசியாரிடம் சொல்லவே முடியாது. ஒருவேளை அம்மன் நிஜமாகவே இருந்தால்? நிஜமாகவே கோபித்துக்கொண்டிருந்தால்? ஒரு கை கடுகுக்காக அந்தப் பிஞ்சைப் பிடித்திருந்தால்? முழங்கால் போட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. கிணற்றடியில் நாலு பேருக்கு நடுவே மழையாகக் கொட்டின ஜெபமெல்லாம் எங்கே போச்சோ தெரியவில்லை.

நிலைமை இன்னும் மோசமானது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பழனியம்மாளும் படுத்துவிட்டாள். அவள் புருஷன் பெரியசாமி அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினவன் கோயிலோடு கிடக்க வேண்டும். வீட்டுக்குள் வரக் கூடாது. பிள்ளைக்காரிகள் யாரும் அந்த வாசலை மிதிக்கத் துணியவில்லை. யாரைக் குறை சொல்ல? அவரவர் பிள்ளை அவரவருக்கு. இரண்டு உயிர் உள்ளே கிடக்க, வாசலில் ஒரு சொம்பு கூழை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

மார்த்தாள் சின்ன வயதிலேயே அம்மை கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. ஒருதரம் பார்த்தவளை ஆத்தா மறுதரம் பார்ப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருவில் பயமில்லாமல் உள்ளே போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். பயமில்லாமலாவது! இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தாயி, “மாக்கா, மாக்கா” என்று முனகுவது கேட்டபோது அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பச்சமுத்து கையைப் பிடித்தான். உதறிவிட்டு வெளியே வந்தாள்.

பழனியம்மாள் வாசலில் கோயில் பூசாரி மாதையன் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் தள்ளி நின்றார்கள். மார்த்தாள் வருவதைப் பார்த்ததும் இன்னும் இரண்டடி விலகினார்கள்.

“எங்க வாரே?” என்றார் மாதையன்.

“புள்ளையப் பாத்துக்கறனுங்க. எனக்கு முன்னமே கண்டிருக்குதுங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையாட்டினார். “போ. நீ பண்ணுன பாவத்துக்கு நீயே ஆத்தாளுக்குத் தொண்டு பண்ணு. அவ மனசு வெச்சா மன்னிப்பா.”

‘பாவத்துக்காக இல்லீங்க, ஆத்தாளுக்காகவும் இல்லீங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஊதின வாய் அது! அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. சொன்னால் உள்ளே விடமாட்டார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம். மீதிப் பாதி பயம்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு, வேப்பிலை வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாடை. தாயும் மகளும் வாழை இலையில் கிடந்தார்கள். மார்த்தாள் அந்த வீட்டு முறைப்படியே எல்லாம் செய்தாள். கூழைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அரிப்பெடுத்தால் வேப்பங்கொழுந்தால் வருடினாள். இளநீர், மோர், மறுபடி கூழ். வாய் மட்டும் ஓயாமல் முணுமுணுத்தது. “ஆண்டவரே, யேசுவே, இந்தப் புள்ளைய விட்டுரும். என்ற ஆணவத்துக்கு இவளை எடுத்துக்காதேயும்.” பழனியம்மாள் கண் இமையெல்லாம் ஒட்டிப்போய்ப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் உடனே வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அத்தாயிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விட்ட கூழ் கடைவாயில் வழிந்தது. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. மார்த்தாள் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, “ஆத்தா! மாரியாத்தா!” என்று அலறிவிட்டாள்.

அலறின பிறகுதான் தான் யாரைக் கூப்பிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து கூப்பிட்ட பேர், பயத்தில் தானாக வந்துவிட்டது. ஆண்டவர் இதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாரோ? இனி ஜெபம் பண்ணினால் திரும்பிப் பார்ப்பாரோ? இரண்டு பக்கமும் கதவு சாத்திவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். “எனக்கு உம்ம விட்டா ஆரு இருக்கறா? பயந்துட்டேன், அவ்வளவுதான். நாக்கு உளறிருச்சு. என்னைய என்ன வேணாலும் பண்ணும். புள்ளைய விட்டுரும்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இப்படி ஒரு ஜெபத்தை அவள் அதுவரை பண்ணினதே இல்லை. அழகான வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது. விரலைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் தொண்டையைத் துடைத்தாள். சளி வந்தது. மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு முத்துகள் மெல்ல இறங்கின. பழனியம்மாள் கண் திறந்தாள். தாய்க்கும் மகளுக்கும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று ஊரே வாசலில் கூடிவிட்டது. கம்பம் இன்னும் பிடுங்கவில்லை. மேளம் அடித்தார்கள்.

மாதையன் மஞ்சள் துண்டு கோத்த நூலும் வேப்பிலையுமாக வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“மாரக்கா, முன்னால வா சாமி. ஆத்தா உன்னைய மன்னிச்சுப்போட்டா. வழிதவறிப் போன புள்ளைய இழுத்துக்கிட்டா. கைய நீட்டு. காப்புக் கட்டிக்கோ. இந்த வருசம் நீயும் தீச்சட்டி எடுக்கோணும்.”

பெண்கள் குலவை போட்டார்கள். இத்தனை நாள் அவளைக் கண்டு ஒதுங்கினவர்கள் இப்போது கண் கலங்கப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பச்சமுத்து ஜாடை காட்டினான்: நீட்டிவிடு, ஒரு நூல்தானே. பழனியம்மாள் அத்தாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். பிள்ளையின் முகமெல்லாம் பொருக்கு.

மார்த்தாளின் கை பாதி எழும்பிவிட்டது. மறுத்தால் என்ன ஆகும்? ஊர் அடிக்கும், துரத்தும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். நாளைக்கே அத்தாயிக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிட்டால்? அதைத் தாங்க முடியாது. இந்த நூலைக் கட்டிக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்த இருட்டில் அவள் யாரிடம் அழுதாளோ, அவர் இல்லையென்று ஆகிவிடும்.

கையை இறக்கினாள்.

“என்னைய மன்னிச்சுக்கோங்க. நான் தாளிச்சது தப்புங்க. சாமிக்காகன்னு நெனச்சேன், என்ற வீம்புக்காகத்தான் பண்ணுனேன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “ஆனா காப்புக் கட்டிக்க மாட்டனுங்க. உள்ள இருந்த அத்தனை நாளும் நான் யேசுசாமிகிட்டதான் கேட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்குது.”

மேளம் நின்றது. மாதையனின் முகம் கறுத்தது.

“ஆத்தா இருந்த ஊட்டுக்குள்ளயா அந்தப் பேரைச் சொன்னே?” என்று கேட்டுவிட்டுப் பழனியம்மாளைப் பார்த்தார். “ஏம் புள்ள, உனக்குத் தெரியுமா இது?”

மார்த்தாள் தலை தூக்கவில்லை. அந்த ஒருத்தியின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

“தெரியுமுங்க” என்றாள் பழனியம்மாள். சீக்கில் அடிபட்ட குரல், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. “கண்ணுதான் ஒட்டிக் கெடந்துச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சுங்க. இவ முணுமுணுத்தது அத்தனையும் கேட்டுச்சு.”

“கேட்டுக்கிட்டா சும்மா இருந்தே?”

“நிறுத்தச் சொன்னா எம் புள்ள மூச்சு நின்னுருமோன்னு பயமுங்க.” பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எந்தச் சாமி காப்பாத்துச்சுன்னு கேட்டீங்கன்னா நான் என்னத்தைச் சொல்லட்டும்? ஒருத்தரையும் பகைச்சுக்க எனக்குத் தைரியமில்லீங்க. அந்தக் காப்பை என்ற கையில கட்டுங்க. தீச்சட்டி நான் எடுக்கறேன்.”

சொல்லிவிட்டு வாசலில் இறங்கி வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. மணிக்கட்டை நீட்டவேண்டுமே; இடுப்பிலோ பிள்ளை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மார்த்தாள் பக்கம் திரும்பினாள்.

“புள்ளையப் புடி, மார்த்தாளு” என்றாள்.

மார்த்தாள் இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.