நான்கு விநாடி இருள்

விமர்சகருக்கு ஊரில் எதிரிகள் கிடையாது. அவர் எழுதியதைப் படித்தவர்களே கொஞ்சம் பேர். எதிரியாகிற அளவுக்கு அதைப் புரிந்துகொண்டவர்கள் அதிலும் கொஞ்சம்.

கடைத்தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் எடைக்கல்லைக் கையில் வாங்கி, புருவத்தை உயர்த்தி, கடைக்காரர்களைக் கலங்கடிப்பார். சாயங்காலமானால் ஃபிலிம் சொசைட்டியின் இருட்டில் உட்கார்ந்து, ஹாலிவுட்டின் பேசாப் படங்களையும், அது பேசப் பழகிய புதிதில் வந்த படங்களையும் எடை போடுவார். இந்தத் தராசைச் சோதிக்க மேலதிகாரி யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

சொசைட்டியில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பேசுவார், யாரும் வாயைத் திறக்க முடியாது. பேசாப் படத்தில் குறட்டை வெளியே கேட்டுவிடும் என்ற ஒரே காரணத்தால் பாதிப் பேர் விழித்திருந்தார்கள்.

விமர்சகர் மட்டும் நிஜமாகவே பார்த்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தச் சாம்பல் வெளிச்சம் திரையில் விழுந்ததும் அவர் முகத்திலிருந்த மேதைத்தனம் தானாகக் கழன்று விழும். யாரோ நாற்காலியில் மறந்துவிட்டுப் போன தொப்பியை ஒருத்தி எடுத்துத் தூசி தட்டுவாள். அவ்வளவுதான் காட்சி. இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். விளக்கு எரிந்ததும் கழன்றதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார். வீட்டுக்குப் போய் எழுதும்போது தொப்பி இருக்காது. 'வெளியின் உளவியல்' இருக்கும்.

அவர் பேர் நின்றது ஒரே கட்டுரையில். இருபத்தாறு வருடத்துக்கு முன் சொசைட்டியில் ஒரு ஆறு ரீல் படம் போட்டார்கள். துறைமுகத்தில் விளக்கேற்றுகிற ஒருவன், அவன் மனைவி, அவளுக்கு நெஞ்சு நோய். நாலாவது ரீலில் அவளை மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறான். அடுத்து வசந்தம்; ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அவள் செத்துப்போகிறாள். திரை நான்கு விநாடி முழு இருளாகிறது. பிறகு மலை, பனி, திரும்பி வரும் வண்டி; கடைசியில் ஒரு கதவு திறக்கிறது; தோளில் பனித்தூளோடு அவள் உள்ளே வருகிறாள்; அவன் கையில் விளக்கோடு நிற்கிறான். படம் அங்கேயே நின்றுவிடுகிறது, 'முற்றும்' என்ற எழுத்துகூட இல்லாமல்.

விமர்சகர் பதினோரு பக்கம் எழுதினார். அதில் மூன்று பக்கம் அந்த நான்கு விநாடிக்கே போயிற்று. 'முற்றும் என்ற சொல்லையே மறுத்த இயக்குநர்' என்றார். 'மரணத்துக்கும் வருகைக்கும் இடையே ஒரு கலைஞன் துணிந்து வைத்த இருள்' என்றார். மலைமேல் அனுப்பியவள் வீட்டு ஜன்னலோரத்தில் எப்படிச் சாகிறாள் என்று ஒரு கணக்கு வாத்தியார் அன்றே எழுந்து கேட்டார். அவருக்கு அடிக்குறிப்பில் பதில் வந்தது: 'கலையில் முகவரி தேடுபவர்கள் தபால்துறைக்குப் போகலாம்.' பதினோரு பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் கண்ணீரோடு எழுதியது: 'இந்தக் கதவை இந்த இடத்தில் திறந்தவன், தன் வீட்டில் ஒரு கதவு மூடுவதைப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.'

பிரிண்ட் திரும்பிப் போய்விட்டது. பிறகு யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அவருடைய கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து புத்தகமாகிவிட்டன. தலைப்பு: 'நான்கு விநாடி இருள்.' முந்நூறு பிரதிகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. ஞாயிறு காலை வெளியீடு. அதோடு சேர்த்துப் போட, அந்தப் படத்தையே புதுப்பித்த டிஸ்க் ஒன்றை வெளிநாட்டுக் காப்பகத்திலிருந்து பல் டாக்டர் வரவழைத்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் விமர்சகர் தன் வீட்டில் டிஸ்க்கை ஓட்டிச் சரிபார்த்தார். மனைவி பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குப் போனவள் தேறினாள். பனியில் வீடு திரும்பினாள். கதவைத் திறந்து உள்ளே வந்தாள். விமர்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் நிற்கவில்லை. வசந்தம் வந்தது, மறுபடி இருமல் வந்தது, ஜன்னலோர நாற்காலியில் அவள் செத்துப்போனாள். 'முற்றும்' என்று பூங்கொடி வரைந்த அட்டை வந்தது. அதுவும் நான்கு விநாடி.

"என்னங்க, அவ செத்ததோட முடிஞ்சிருச்சே?" என்றாள் மனைவி. "திரும்பி வரலையே?"

விமர்சகர் டிஸ்க்கின் உறையை எடுத்துப் புரட்டினார்.

"உங்க புத்தகத்துல வருவாளே."

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

அவள் பட்டாணித் தோலை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இப்படிப் பார்த்தா எல்லாம் சரியா வருது. அன்னைக்கு அந்த வாத்தியார் கேட்டாரு பாருங்க, மலையிலிருந்து எப்போ வந்தாள்னு..."

விமர்சகர் எழுந்து போய் அட்டைப்பெட்டிகள் இருந்த கட்டிலின் மேல் உட்கார்ந்தார். அன்று ஐந்தாவது ரீலும் ஆறாவது ரீலும் இடம் மாறி ஓடியிருக்கின்றன. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் எடைக்கல்லைத் தட்டிப் பார்த்தவர், தன் வாழ்நாளின் ஒரே பெரிய சரக்கை டப்பாவின் எண்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்திருக்கிறார்.

பல் டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தபடியே செய்தியைக் கேட்டார். "இதுக்கா இப்படி வேர்த்துப்போய் வந்தீங்க? நீங்க வாயைத் திறந்தே வைங்க, உங்களைச் சொல்லலை சார், இவரை. ரெண்டு வடிவம் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஒண்ணு இயக்குநர் எடுத்தது, இன்னொண்ணு முதலாளி மாத்தினது. யார் போய் விசாரிக்கப் போறா? எடுத்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு."

"ஆதாரம் கேட்டா?"

"அன்னைக்கு ஓட்டின ஆபரேட்டர் இருக்காரே. 'எனக்கு வந்த பிரிண்ட் இப்படித்தான் இருந்துச்சு'ன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. சட்டம் போட்டு மாட்டிடலாம்."

நோயாளி ஏதோ சொல்ல முயன்றார். சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விமர்சகர் தட்டச்சு செய்த கடிதத்தை உள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆபரேட்டர் ஒரு தையல் கடைக்கு மேல், மகளோடு குடியிருந்தார். கடை மகளுடையது. படிக்கட்டெல்லாம் நூல் துணுக்குகள். கிழவர் ஜன்னலருகே உட்கார்ந்து பித்தான்களை அளவு வாரியாகப் பிரித்து, பழைய ரீல் டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அறை மூலையில் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களா! வாங்க சார், வாங்க. அம்மாடி, அந்த நாற்காலியில இருக்கிற துணியை எடும்மா. சார் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார் பாரு."

விமர்சகர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். அந்தக் காலத்தில் டப்பாக்களில் எண் தவறாக ஒட்டி வருவது உண்டு, அது யாருடைய குற்றமும் இல்லை, ஒரு சிறிய கையெழுத்து போதும் என்றார். ஆபரேட்டரின் விரல்கள் பித்தான்களின் மேல் நின்றுவிட்டன.

"நம்பர் சரியாத்தான் சார் இருந்துச்சு," என்றார். "மாத்தினது நான்."

"கவனிக்காம மாட்டிட்டீங்களா?"

"கவனிச்சுத்தான் மாட்டினேன்."

மகளின் தையல் மெஷின் நின்றது.

"அதுக்கு முந்தின வாரம்தான் இவ அம்மா போனா. ஆஸ்பத்திரியிலிருந்து தேறிட்டான்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. பதினோரு நாள் இருந்தா. எந்தப் படம் வந்தாலும் காலையில ஒரு தடவை தனியா ஓட்டிப் பார்க்கிறது என் பழக்கம், எங்கேயாவது ஃபிலிம் அறுந்திருக்கான்னு. ஓட்டினா, எங்க வீட்டுக் கதை சார் அது. அதே மாதிரி வந்தா, அதே மாதிரி போறா. அதோட விளக்கைப் போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரலை. அவ வீட்டுக்குள்ள வர்றதோட முடியட்டும்னு அஞ்சாவது ரீலைக் கடைசியா மாட்டினேன். ஆனா ஆறாவதுல 'முற்றும்'னு ஒரு அட்டை வருமே? அதுக்கு..."

வலது உள்ளங்கையை எதிரே நீட்டிக் காட்டினார். "லென்ஸுக்கு முன்னால இப்படி வச்சு மறைச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதுக்குள்ள அஞ்சாவது மாட்டியிருந்த அடுத்த மெஷினை விட்டுட்டேன்."

விமர்சகர் அந்தக் கையைப் பார்த்தார். மெஷின் சூடு பட்டு ஓரங்கள் தடித்துப்போன கை. மூன்று பக்கம் எழுதியது இதைப் பற்றித்தான்.

"மக உங்க கட்டுரையைப் படிச்சுக் காட்டினா. பொய் சொல்வானேன், பாதி விளங்கலை. ஆனா கதவு மூடுறதைப் பார்த்தவன்னு ஒரு வரி வருமே, அங்க நிறுத்தச் சொல்லிட்டேன். சார் கண்டுபிடிச்சுட்டார், என்னைக் காட்டிக் கொடுக்காம எனக்கு மட்டும் தெரியற மாதிரி எழுதியிருக்கார்னு நினைச்சேன். நன்றி சொல்லணும்னு எத்தனையோ தடவை மெஷின் ரூமிலிருந்து கீழே இறங்கி வந்திருக்கேன். நீங்க யார்கூடயாவது பேசிட்டே இருப்பீங்க."

ஆபரேட்டர் என்றொருவர் மெஷின் ரூமின் சின்னத் துவாரத்துக்குப் பின்னால் இருக்கிறார் என்பதே விமர்சகருக்குப் படம் மங்கும்போதுதான் ஞாபகம் வரும். அப்போது திரும்பிப் பார்த்துக் கத்துவார்.

"ஏதோ கையெழுத்துன்னீங்களே. கொடுங்க, போட்டுத் தர்றேன்."

"அப்பா, என்னன்னு படிச்சுட்டுப் போடுங்க," என்றாள் மகள்.

"சார் எழுதினதையா? போம்மா."

விமர்சகரின் கை உள்பை வரை போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தது. "கடிதத்தை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்," என்றார். "பரவாயில்லை, அது வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை நீங்க வரணும். படம் ஒழுங்கான வரிசையில ஓடும். பார்க்க முடியுமான்னு யோசிச்சுக்குங்க."

ஞாயிறு காலை அரங்கில் முப்பது பேர். பல் டாக்டர் வழக்கம்போல் உலக சினிமாவைத் தொடங்கி வைத்தார். இரண்டு வடிவங்கள் பற்றிய மாபெரும் உண்மையை இன்று நூலாசிரியர் வெளியிடுவார் என்று சொல்லி உட்கார்ந்தார். விமர்சகர் எழுந்தார். மேடையில் எப்போதும் அச்சில் வார்த்ததுபோல் பேசுகிறவர், அன்று வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

"ரெண்டு வடிவம்லாம் இல்லைங்க. படம் ஒண்ணுதான். நான் பார்த்தது ரீல் மாறி ஓடினது. அது தெரியாம இயக்குநரை ஆகா ஓகோன்னு எழுதிட்டேன். இருபத்தாறு வருஷமா அதை வச்சுத்தான் பேர் வாங்கிட்டிருக்கேன். அன்னைக்கு வாத்தியார் கேட்டது சரியான கேள்வி. நான் கொடுத்தது திமிர்."

பல் டாக்டர் தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாறிச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல வேண்டியது நான் இல்லை. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தக் கட்டுரையில ஒரு வரி நிஜம். அது இயக்குநருக்குப் போக வேண்டியது இல்லை, அவ்வளவுதான். போக வேண்டிய இடத்துக்கு அது முன்னாலேயே போய்ச் சேர்ந்திருச்சு. நான் அனுப்பாமலே."

கைதட்டுவதா வேண்டாமா என்று முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுவும் ஏதோ புதுக் கோட்பாடு என்று நினைத்து நாலு பேர் தட்டினார்கள். கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் ஓடியது. அவள் வந்தாள், இருந்தாள், போனாள். 'முற்றும்' வந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை.

வெளியே மேசையில் புத்தகங்கள் அடுக்கியபடி இருந்தன. ஒரே ஒரு பிரதி போயிற்று. வாங்கியவர் கணக்கு வாத்தியார். "அடிக்குறிப்புக்காக," என்றார். பல் டாக்டர் கிளம்பும்போது அடுத்த மாதப் பேச்சாளராக வேறொருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வலிக்காமல் பிடுங்குவதில் கைதேர்ந்தவர்தான், ஆனாலும் வலித்தது.

விமர்சகர் உள்ளே வந்தபோது ஆபரேட்டர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மகள் அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

"இருந்து முழுசாப் பார்த்துட்டேன் சார்," என்றார் கிழவர். "பார்க்க முடிஞ்சுது." மகளின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "ஒரு உபகாரம். அந்த அஞ்சாவது மட்டும் ஒரு தடவை ஓட்ட முடியுமா?"

மேசைமேல் இருந்த புரொஜக்டரை விமர்சகர் ஏற இறங்கப் பார்த்தார். ரிமோட்டில் எதைத் தொட்டாலும் வேறு ஏதோ ஆயிற்று.

"இப்படிக் கொடுங்க," என்று மனைவி வாங்கினாள். மூன்றாவது அழுத்தலில் பனி விழுந்தது. கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள். விளக்கோடு அவன் நின்றான்.

படம் நிற்கவில்லை, அதன் போக்கில் வசந்தத்துக்குப் போகப் பார்த்தது. மனைவி நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். விமர்சகர் அதற்குள் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிட்டார். அரங்கம் இருண்டது. வெளிச்சத்தின் சூடு கையில் ஏறியது. கடைசி வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நிறுத்திட்டேங்க," என்றாள் மனைவி. "கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை.