நெக்தாவுக்கு வைத்த விசிறி

விடியுமுன்னே லாரியில் நின்றபடி வந்து இறங்கியவர்கள், விடிந்தபோது வியர்வையில் குளித்திருந்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வெயில் அது. கம்போடியாவின் புனோம் பென்னுக்கு வெளியே நிற்கும் அந்தத் தையல் ஆலையின் தகரக் கூரை காலையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஏழாம் வரிசையில் மாலிஸ் பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துணி விரலுக்கடியில் மீனாக வழுக்கியது. ஓட்டக்காரர்கள் போடுகிற பனியன். வியர்வையை இழுத்து வெளியே தள்ளிவிடும், உடம்பு குளுகுளுவென்றிருக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. யாருடைய உடம்பு என்றுதான் போடவில்லை.

வினையே அந்தத் துணியால்தான். அத்தனை மெலிசு, காற்றுப் பட்டால் ஊசிக்கடியில் நகர்ந்து தையல் கோணிவிடும். அதனால் அந்த ஆர்டர் வந்ததுமே மேலாளர் ரித்தி கொட்டகையின் விசிறிகளையெல்லாம் நிறுத்திவிட்டார். அதன்பிறகு பெண்கள் மயங்கி விழத் தொடங்கினார்கள். நேற்று விழுந்தவள் மாலிஸுக்குப் பக்கத்து மெஷின்காரி சந்தூ. அவளைத் தூக்கிக் கிடத்திவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள் மாலிஸ்.

"ஐயா, விசிறியப் போடுங்க. துணி நகராம நாங்க பிடிச்சுக்கிறோம்."

"தையல் கோணுனா வாங்குறவன் எம் மூஞ்சில விட்டெறிவான். நீங்க விழுந்தா எந்திரிச்சுக்குவீங்க" என்றார் ரித்தி. பார்த்துக்கொண்டிருந்த கணினியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஆனால் குளத்தைத் தூர்த்து ஆலை கட்டியதால் மண்ணைக் காக்கும் நெக்தா தாத்தாவுக்குக் கோபம், அதனால்தான் பெண்கள் விழுகிறார்கள் என்று யாரோ சொன்னது மட்டும் அவர் காதில் ஏறிவிட்டது. இன்று காலை பூசாரி வந்தார், மண்ணை முகர்ந்தார், "தாத்தாவுக்கு வெக்கை தாங்கல" என்றார். மெஷின்களை நிறுத்தி எல்லாரையும் முற்றத்து மரத்தடியில், நெக்தாவின் சிறு மாடத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பன்றித்தலை, வாழைப்பழம், ஊதுபத்தி. பக்கத்தில் ஒரு விசிறி, மாடத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது.

"அக்கா, அது நம்ம வரிசை விசிறி" என்றாள் சந்தூ. ஒருநாள் வராவிட்டால் வருகைப்படி போய்விடுமென்று இன்றைக்கும் வந்திருந்தாள். "என் துண்டக் கிழிச்ச அதே கம்பி."

"பாத்தேன்."

"பக்கத்து ஆலையில ஒருத்தி மேல நெக்தா எறங்கிப் பேசுச்சாம். முதலாளி கால்லயே விழுந்துட்டானாம். நீயும் ஒரு ஆட்டம் ஆடேன்."

"எனக்கு வரலையேடீ."

"வராட்டி என்ன, கண்ண மேல சொருகு."

மாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ரித்தி மண்டியிட்டு, கைகூப்பி, "குளுகுளுன்னு இருங்க தாத்தா" என்றபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றாள். கோபத்தில் கால் நடுங்கியது.

"வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று பூசாரி பதறினார்.

ரித்தி முழங்காலோடு அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தாத்தா. என்ன வேணும்?"

"காத்து வேணும்."

"இதோ வச்சிருக்கேனே."

"கொட்டகையில. எல்லா வரிசையிலயும்."

"போட்டுடறேன் தாத்தா. இன்னிக்கே போட்டுடறேன்."

சந்தூ அவள் கெண்டைக்காலைக் கிள்ளினாள், போதும் விழுந்துவிடு என்று. விழுந்திருந்தால் காற்று வந்திருக்கும். அடுத்த ஆர்டர் வரும்வரை. பிறகு எவள் கண்ணைச் சொருகுவது? மூச்சுவிடக்கூட சாமியின் வாயை இரவல் வாங்க வேண்டுமா? மாலிஸுக்கு மனசு ஒப்பவில்லை.

"தாத்தா வரலீங்க. நான் மாலிஸ், ஏழாம் வரிசை. நேத்தும் இதையேதான் கேட்டேன். நேத்து நீங்க தலையத் தூக்கல."

ரித்தியின் முகம் கறுத்துப் போயிற்று. முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "நாடகமா ஆடுற? நீ வெளிய போ. மத்தவங்க எல்லாம் மெஷினுக்குப் போங்க."

யாரும் அசையவில்லை.

"உங்களுக்குக் காத்து ஒரு கேடு" என்று பாய்ந்து போய் விசிறியின் வயரைப் பிடுங்கினார். இறக்கை தளர்ந்து நின்றது.

சாமிக்குக் கொடுத்ததை அத்தனை பேர் கண்முன்னால் பிடுங்கிவிட்டதை அவரே அப்போதுதான் உணர்ந்தார். பூசாரி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பெண்களோடு உட்கார்ந்தார். "குடுத்தத வாங்கலாமா ஐயா? நான் அந்தப் பக்கம் இருக்க மாட்டேன்."

சந்தூ தலையில் கட்டியிருந்த கட்டம்போட்ட க்ரமாத் துண்டை அவிழ்த்தாள். குழாயில் நனைத்துப் பிழிந்து மாலிஸின் கழுத்தில் ஒற்றினாள். பிறகு அதை விரித்து, பின்னால் இருந்தவர்களுக்கு வீசத் தொடங்கினாள். வரிசை வரிசையாகத் தலைகளிலிருந்து துண்டுகள் அவிழ்ந்தன. ஒருத்திக்கு ஒருத்தி வீசிக்கொண்டார்கள். கொட்டகைக்குள் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

"யாரு உங்க தலைவி? அவ மட்டும் பேசட்டும்" என்று ரித்தி கத்தினார்.

"காத்து கேக்கத் தலைவி எதுக்குங்க?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இதுவரை வாயே திறக்காதவள். "எனக்கும்தான் வேர்க்குது."

ரித்தி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் போட்டிருந்ததும் அந்தப் பனியன்தான். தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது. காற்றில்லாமல் எந்தத் துணிதான் குளிரும்?

மாலிஸ் வீசுவதை நிறுத்தாமல், சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க ஐயா, இப்படி உக்காந்து பேசுங்க. இங்க காத்து வருது."