சிவப்பு வண்டிக்கு எஃப்.சி.

எஃப்.சி. மைதானத்தில் அன்று காலை இருபத்து மூன்று வண்டிகள் வரிசையில் நின்றன. இருபத்திரண்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒன்று ஆசீர்வாதத்தின் வண்டி. முன்னால் ஒரு டாரஸ் லாரி, பின்னால் ஒரு கம்பெனி பஸ், நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு, உடம்பு முழுக்க ஃபைபர். ஆறு பேர் சேர்ந்து பிடித்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

அதைச் செய்த கம்பெனியே மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மூக்கு நசுங்கிக் காயலான் கடையில் கிடந்ததை வாங்கி வந்து, சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்த நேரமெல்லாம் அதன் கீழேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தவன் ஆசீர்வாதம். இரும்பு ஆலையில் ஃபிட்டர். இப்போது கவரைப்பேட்டை தொடங்கி ஆரம்பாக்கம் வரை மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அந்தச் சிவப்பு வண்டிதான். மஞ்சள் போர்டு போட்ட வாடகை வண்டி என்பதால் வருஷா வருஷம் கொண்டுவந்து காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்று வாங்கியாக வேண்டும்.

லாரி டிரைவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னாபா, அம்மாவைக் காணோம், குட்டி மட்டும் தனியா வந்து நிக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஆசீர்வாதம் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பான். இன்றைக்குச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். செல்போன் அடித்தது. மனைவி மேரி.

"இன்னாங்க, ஆச்சா?"

"முன்னாடி மூணு வண்டி கீது."

"அதையேதான் அரை மணிக்கு முன்னாடியும் சொன்னீங்க."

"லாரி நகுரலைன்னா நான் இன்னா அதைத் தூக்கிகினு போவவா? போனை வை."

வைத்துவிட்டு அவனே ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். பேச ஒன்றும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நாளை மதியம் மூன்று மணிக்கு அவன் தம்பி பென்னியின் மாப்பிள்ளை ஊர்வலம். காலனியிலிருந்து புதுவாயல் பக்கத்துச் சர்ச்சுக்கு. நேர் வழி பெரிய தெரு. பஞ்சாயத்துப் போட்ட ரோடுதான், எல்லாருக்கும் பொதுதான், கேட்டால் யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் காலனி மாப்பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். போன வருஷம் சித்தப்பா மகன் யேசுதாஸ் கல்யாணத்துக்குத்தான் முதல்முறையாக இந்தச் சிவப்பு வண்டி பெரிய தெரு முனைக்குப் போனது. அங்கே எஸ்.ஐ. நின்றிருந்தார். பெரிய தெருவின் கடைசியில் இருக்கும் பச்சை கேட் வீட்டிலிருந்து அவருக்கு போன் போயிருந்தது. ஊர்வலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். "எஃப்.சி. எங்கே?"

எஃப்.சி. முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அடி இல்லை, திட்டு இல்லை, எல்லாம் சட்டப்படி. வண்டி ஓரங்கட்டப்பட்டது. கோட்டு சூட்டும் பூமாலையுமாக யேசுதாஸ் ஏரிக்கரைச் சேற்றில் நடந்து போனான். பெரிய தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில் இன்றும் ஆசீர்வாதத்தின் காதுக்குள் இருக்கிறது. அவர்கள் மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல் இருந்த கோபம் பெரிது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருந்தது அவன்தானே? வம்புக்குக் காத்திருக்கிறவன் கையில் அவனே காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பழைய எஃப்.சி. இன்றோடு முடிகிறது. இணையத்தில் முட்டி மோதிக் கிடைத்த தேதியும் இன்றுதான். இன்றைக்கு விட்டால் நாளைக்கு மறுபடியும் ஏரிக்கரை.

பன்னிரண்டேகாலுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் துளசிராமன் வண்டியருகே வந்தார். வண்டியைத் தேடுவது போல மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். லைட்டு, ஹாரன், இண்டிகேட்டர், டயர், எல்லாம் சரி. முதலுதவிப் பெட்டி, சரி.

"சேசிஸ் நம்பரை எடு."

வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். அதை ஃபைலில் ஒட்ட வேண்டும். ஆசீர்வாதம் தரையில் படுத்துத் தாளை வைத்துத் தேய்த்தான். தாள் கறுத்தது. எண் வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். தாள்தான் கிழிந்தது.

விரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று பெயிண்ட்.

எஃப்.சி.க்குப் போகிற வண்டியைப் புதுப்பெண் மாதிரி ஜோடித்து அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். அதற்கென்றே மைதானத்து வாசலில் பெயிண்டர்கள் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆசீர்வாதமும் முந்தா நாள் பெயிண்டர் மணிகண்டனிடம் வண்டியை விட்டான். மணிகண்டன் பிறந்ததிலிருந்து லாரிக்கு அடித்தவன். லாரியில் நம்பர் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான், அந்த இடத்தைத் தொடமாட்டான். இந்தப் பொடி வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, சொல்ல ஆசீர்வாதத்துக்கும் தோன்றவில்லை. அன்பாக மூன்று கோட்டு கறுப்பு அடித்து மூடியிருந்தான்.

"நம்பர் இல்லாம நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுறது?" என்றார் துளசிராமன். "ஒரு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள காட்டு. இல்லேன்னா வேற தேதி வாங்கிக்க."

ஆசீர்வாதம் வாசலுக்கு ஓடினான். மணிகண்டன் ஒரு டிப்பரின் பின்னால் உட்கார்ந்து ரிஃப்ளெக்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நம்பர் மேல அடிச்சி வச்சிகீறியேடா! என் குடியைக் கெடுத்துட்டியே!"

"அய்யய்யோ, அது நம்பராண்ணா? ஏதோ துருன்னு நெனச்சி நல்லா அழுத்தி அடிச்சேனே!"

தின்னர் பாட்டிலும் கந்தல் துணியுமாக இருவரும் வண்டிக்கடியில் தலையைக் கொடுத்தார்கள். ஆசீர்வாதம் அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் மணிகண்டன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரும்பு வெக்காதேண்ணா. நம்பர்ல ஒரு கீறல் வுழுந்தா திருட்டு வண்டின்னு எழுதிடுவாரு. அப்பறம் ஜென்மத்துக்கும் பேஜாரு."

அதனால் துணிதான். நனைத்து, வைத்து, பொறுத்து, துடைக்க வேண்டும். பொறுப்பதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஆசீர்வாதம் செய்திருப்பான். தின்னர் நெடி கண்ணில் ஏறியது. பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. முதல் எழுத்து தெரிந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. மொத்தம் பதினேழு. கடைசி எண்ணான எட்டின் கீழ்ச்சுழி தெரிந்தபோது ஒரு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. தாளில் பதினேழும் வரிசையாக விழுந்தன. மணிகண்டன் முகத்தில் ஒரு கன்னம் முழுக்கக் கறுப்பு. அவனைக் கட்டிப்பிடிப்பதா உதைப்பதா என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியவில்லை.

துளசிராமன் தாளை ஃபைலோடு வைத்துச் சரிபார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, வண்டிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். முழங்கால் தாடைக்கு வந்தது.

"ஓட்டு. நான் சொல்றப்ப பிரேக் பிடி."

மைதானத்தின் கோடிவரை போய்த் திரும்பி வேகம் எடுத்தான். "பிடி!" வண்டி நச்சென்று நின்றது. அவர் மடியிலிருந்த ஃபைல் பறந்து கண்ணாடியில் மோதி விழுந்தது. அவர் ஃபைலை எடுத்துத் தட்டினார்.

"லேசான வண்டி. நல்லாத்தான் நிக்குது. இதை எதுக்கு ஓட்டுற?"

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு சார்."

"நடக்கிற வேகத்துல போற வண்டிக்கு இவ்வளவு பிரேக்கா?"

"எங்களை நிறுத்தறதுக்கு ஆளு கீறாங்க சார்."

சொல்ல நினைத்ததில்லை, வாய் தவறி வந்துவிட்டது. துளசிராமன் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஃபைலை விரித்து, தொடையில் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள ஆன்லைன்ல ஏறிடும். பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிக்க."

ஆசீர்வாதம் நான்கு பிரிண்ட் எடுத்தான். ஒன்று வண்டியில், ஒன்று பையில், ஒன்று மேரியிடம், ஒன்று பென்னியின் கோட்டுப் பையில். அப்படியும் விடிகிறவரை புரண்டுகொண்டே கிடந்தான்.

மறுநாள் மூன்றரைக்கு பேண்டு செட்டு முன்னால் போக, பென்னி மாலையோடு பக்கத்தில் உட்கார, சிவப்பு வண்டி பெரிய தெரு முனைக்கு வந்தது. அதே எஸ்.ஐ. அதே நீட்டிய கை. பேண்டு நின்றது. எஃப்.சி.யைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ், பர்மிட், புகைச் சான்று, லைசென்ஸ். திரும்ப எஃப்.சி. தேதியை விரலால் தொட்டுப் படித்தார்.

"ம். போ."

தெரு காலியாக இருந்தது. வாசல்களில் மட்டும் ஆட்கள். யாரும் விசில் அடிக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. வண்டி நடக்கிற வேகத்தில் போனது. இன்னும் நூறடி போனால் தெரு முடிந்துவிடும். பச்சை கேட் வந்தது. கேட்டுக்கு உள்ளே, கையில் போனோடு, வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் பிரேக்கை மிதித்தான். வண்டி நச்சென்று நின்றது. பென்னியின் மாலை குலுங்கியது.

"இன்னாண்ணா? யாரு நிறுத்தனது?" பென்னி மாலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தான்.

"யாரும் இல்லடா. நான்தான். பிரேக்கு டெஸ்ட்டு."

முன்னால் போன பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடிங்கப்பா என்று ஆசீர்வாதம் கையைக் காட்டினான். அவர்கள் புதுப்பாட்டு ஒன்றை முதலிலிருந்து தொடங்கினார்கள். அது முழுசாக முடிகிறவரை அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.