எங்கள் வீடு கடலாக இருந்தது

எங்கள் கிரேக்கத் தீவு ஊரான மவ்ரோலிமானியில் சண்டை புதிதல்ல. ஆனால் ஒரு வீட்டுப்பாடத்துக்காக ஊரே சட்டைக்கையை மடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. நான் நகராட்சியில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்திருந்தேன். இல்லை, கடவுள் எனக்கென்று ஒன்றை மிச்சம் வைத்திருந்தார்.

எவாந்தியா என்று ஒரு டீச்சர். செப்டம்பரில் ஏதென்ஸிலிருந்து கப்பலேறி வந்தவள். ஓராண்டு ஒப்பந்தம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல். பாடப்புத்தகத்தில் 'நாம் வாழும் இடம்' என்று நாலு பக்கம் வரும். மற்ற டீச்சர்கள் அதை ஒரு கொட்டாவியில் முடித்துவிடுவார்கள். இவளோ பிள்ளைகளைக் கணினி அறையில் உட்காரவைத்து அரசாங்கத்தின் நிலப்பட இணையதளத்தைத் திறந்தாள். அதில் 1945-இல் விமானத்திலிருந்து எடுத்த படம் ஒரு பக்கம், இன்றைய படம் இன்னொரு பக்கம், நடுவே ஒரு கோடு. கோட்டை இழுத்தால் பழைய ஊர் மறைந்து புது ஊர் வரும், திருப்பித் தள்ளினால் பழையது எட்டிப் பார்க்கும்.

"உங்கள் வீடு இருக்கும் இடம் அப்போது என்னவாக இருந்தது? ஒரு பக்கம் எழுதி வாருங்கள்."

இதை எங்கள் ஊரிலா கேட்பது! இங்கே சுவர்களுக்குக் கால் உண்டு. ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு சுவரும் ஒரு சாண் தெருப் பக்கம் நகர்ந்து நிற்கும். கழுதை போன தெருவில் இப்போது பூனை போவதற்கே வயிற்றை எக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் உத்தமர்கள், பார்த்ததை எழுதிவிட்டார்கள். உணவு விடுதி நடத்தும் ஸ்தமாத்திஸின் மகள் ஃபோத்தினி எழுதியது: "எங்கள் வீடு கடலாக இருந்தது. சமையலறை மட்டும் கரை." ரொட்டிக்கடை ஹரிக்லியாவின் மகன்: "எங்கள் கடை ஓடையாக இருந்தது. அதனால்தான் மழைக்காலத்தில் மாவு நனைகிறது." ஆலிவ் எண்ணெய் ஆலை அனெஸ்திஸின் இரட்டையர் சேர்ந்து எழுதியது: "எங்கள் வீடு சாலையாக இருந்தது. இப்போதும் சாலைதான், ஆனால் அதில் நாங்கள் இருக்கிறோம்."

இருபத்திரண்டு தாள்களையும் படங்களோடு சேர்த்து வராந்தா சுவரில் ஒட்டிவிட்டாள் டீச்சர். செவ்வாய்க்கிழமை மதிப்பெண் அட்டை வாங்க வந்த பெற்றோர் அத்தனை பேரும் படித்தார்கள்.

ஸ்தமாத்திஸ் பெற்றோர் சங்கத் தலைவன் வேறு. கழுத்து வீங்கி அவன் சட்டையில் நாலு பொத்தான் தெறித்தது. ஒன்று தலைமையாசிரியரின் காப்பிக்குள் விழுந்ததை, வேடிக்கை பார்க்கப் போன நான் என் கண்ணால் பார்த்தேன்.

"ஏம்மா, பாடம் நடத்தச் சொன்னா வேவு பாக்குறியா?"

"நான் பாக்கலைங்க. உங்க பொண்ணுதான் பாத்தா. நல்லா எழுதியிருக்கா, இருபதுக்குப் பத்தொன்பது."

ஸ்தமாத்திஸ் மகளின் தாளை எட்டிப் பார்த்தான். "அந்த ஒண்ணு ஏன் கொறைஞ்சுது?"

"உங்க படகுத்துறைய விட்டுட்டா. அதுவும் கடல்தான்."

அதன்பின் எழுந்த கூச்சலில் துறைமுகத்துக் கடற்காகங்கள் எதிர்த்தீவுக்குப் பறந்து மூன்று நாள் திரும்பவில்லை. தலைமையாசிரியர் செனோஃபோன் சாக்பீஸ் உடைந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்ள இருபது கையெழுத்தோட புகார் குடுங்க. கணினி அறையப் பூட்டிடறேன், டீச்சரையும் மாத்தச் சொல்லி மேல எழுதறேன்."

டீச்சருக்கு இது விளையாட்டில்லை. ஒப்பந்த ஆசிரியை மேல் ஒரு புகார் ஏறினால், அடுத்த செப்டம்பரில் எந்தத் தீவும் அவளைக் கூப்பிடாது. ஏழு வருடத்தில் ஏழு ஊர் மாறியவள் அவள்.

ஊர் அவளைப் பட்டினி போடப் பார்த்தது. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வெந்நீரை நிறுத்தினாள். ஹரிக்லியா கரிந்த ரொட்டியாகப் பொறுக்கி நீட்டினாள். டீச்சரும் லேசுப்பட்டவளா? மறுநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கக் கேட்டாள்: "ஓடையில சுட்டது ஒண்ணு குடுங்க."

"வாய் இருக்கே வாய்! அத வெச்சே கப்பலேறிப் போய்ச் சேரு!"

"போறேன். மழை வந்தா நீங்களும் கூடவே மெதந்து வந்துடுவீங்க."

புகார் எழுத ஸ்தமாத்திஸ் என்னிடம் வந்தான். மனு எழுதுவதில் இந்த ஏழு தீவுகளில் எனக்கு நிகர் கிடையாது. என் மனுவைப் படித்து ஒரு அமைச்சரே அழுதிருக்கிறார்.

"பெரியவரே, அவ துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடணும். அப்படி எழுதுங்க."

எழுதினேன். நாலு கட்டம் போட்டேன். பெயர், வீடு இருக்கும் இடம், பாடத்தில் காட்டப்பட்ட பொய், உண்மை நிலை. கடைசிக் கட்டத்தை நிரப்பாத புகாரைக் கல்வி இயக்குநரகம் திருப்பி அனுப்பிவிடும் என்று அடித்துச் சொன்னேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவன் சொன்னால், இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக் கூடத்தில் கூடினோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. ஸ்தமாத்திஸ் முதலில் பேனாவை எடுத்தான். 'என் வீடு கடலில் இருப்பதாகக் காட்டியது பொய்' என்று கம்பீரமாக எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"எழுதுப்பா," என்றான் அனெஸ்திஸ். "உண்மை நிலை என்ன? நிக்குதா, மெதக்குதா?"

"மொதல்ல ரோட்ட விட்டு ஒன் ஆலைய நகத்துடா!"

"நான் ரோட்டுல இருந்தாலும் நெலத்துல இருக்கேன். நீ மீன் வீட்டுல குடியிருக்க."

ஸ்தமாத்திஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான்: 'நான் கடலில் அரை மீட்டர்தான். அனெஸ்திஸ் சாலையில் நாலு மீட்டர்.'

அனெஸ்திஸ் தாளைப் பிடுங்கினான். 'என்னுடையது நாலு இல்லை, மூன்று. ஓடையில் கல் கொட்டி அடைத்தவள் ஹரிக்லியா, கொட்டிய நாள் எனக்குத் தெரியும்.' ஹரிக்லியா அவன் கையிலிருந்து பறித்தாள். அந்தக் கல் எந்தப் பொதுக் கிணற்றிலிருந்து யார் பெயர்த்துத் தந்தது என்று அவள் எழுதினாள். பெயர்த்தவன் எழுந்தான். அப்புறம் அரைமணி நேரம் அந்தத் தாள் தரையைத் தொடவே இல்லை. ஒரு பக்கம் எட்டுப் பக்கமானது. அளவு, தேதி, சாட்சி, சிலர் வரைபடம்கூடப் போட்டிருந்தார்கள். நில அளவைத் துறை நூறு வருடம் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு ஆவணம் தயாரித்திருக்க முடியாது.

ஒரு மணி அடித்தது. "குடுங்க, முத்திரை குத்தி அனுப்பிடறேன்," என்று செனோஃபோன் தாள்களை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அத்தனை பேருக்கும் உறைத்தது.

"அனுப்பாதீங்க!" என்று அலறினாள் ஹரிக்லியா.

"அனுப்புங்க! அவ கல்லு கொட்டினது அதுல இருக்கு!" என்றான் அனெஸ்திஸ்.

"ஒன் நாலு மீட்டரும் இருக்குடா முட்டாளே!"

"மூணு!"

தலைமையாசிரியரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவர் அன்று முதல் இரண்டு அங்குலம் கூடுதல் உயரம். அந்த இழுபறிக்கு நடுவில் டீச்சர் வந்து, அவர் விரலிடுக்கிலிருந்து எட்டுப் பக்கத்தையும் உருவிக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வீட்டுக்காரங்க கைப்பட எழுதினது. படத்தவிட நல்ல சான்று. அடுத்த பாடம் எழுத்துச் சான்றுகள்தான். ஸ்கேன் பண்ணி வகுப்போட இணையப் பக்கத்துல போட்டுடட்டுமா? இல்ல, புகார வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"இது மிரட்டல்!" என்றான் ஸ்தமாத்திஸ்.

"ஆமா."

செனோஃபோன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "அப்ப, புகார்...?" என்று இழுத்தார்.

"என்ன புகார்?" என்றான் ஸ்தமாத்திஸ். மற்றவர்களும் அப்படி ஒரு வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியேறினார்கள். வாசலில் அனெஸ்திஸ் காறித் துப்பியது ஸ்தமாத்திஸின் செருப்புக்கு அரை மீட்டர் முன்னால் விழுந்தது.

நான் மட்டும் நின்றேன். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கடைசிக் கட்டம் ஒங்க வேலையா?" என்றாள் டீச்சர்.

"ஏதோ, என்னால முடிஞ்சது."

"ஒங்க பேரு மட்டும் எந்தப் பக்கத்துலயும் இல்லையே. வீடு எங்க?"

"என் வீட்டுல படிக்கிற பிள்ளை கிடையாதும்மா. யாரு ஒக்காந்து வீட்டுப்பாடம் எழுதப்போறா?"

"நான் எழுதறேன்," என்று சொல்லிவிட்டுத் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை கணினி அறை திறந்திருந்தது. நான் தற்செயலாக, முற்றிலும் தற்செயலாக, அதன் ஜன்னலோரம் நின்றிருந்தேன். வெள்ளைத் திரையில் சுவர் அகலத்துக்கு என் வீடு. ஃபோத்தினி கோட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். என் கூரை போயிற்று, திராட்சைப் பந்தல் போயிற்று.

"டீச்சர், வரிசையாக் கல்லு தெரியுது. இது கல்லறைத் தோட்டம்தானே?"

"மூலை மட்டுந்தான்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.