அடி தட்டாத நங்கூரம்

"அந்த எடத்துல போடாதீங்க சார். அடியில எங்க கெணறு இருக்குது," என்றாள் கரையில் நின்ற பாவாயி.

"மூடுன கெணறுதானம்மா?" என்றான் நங்கூரத்தோடு பரிசலில் இருந்த ஜான்பீட்டர்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் அணை கட்டி, பாவாயியின் காட்டையும் கிணற்றையும் மூழ்கடித்துத் தேங்கிய ஏரி அது. குடிதண்ணீர் மோட்டார் டிரம் மிதவையின் மேல் இருந்தது. அது முங்கினால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஜான்பீட்டரின் வேலை போய்விடும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், நங்கூரத்தை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தான்.

"மூடுனதுதானுங்க. தூரெடுக்க எறங்குன எங்கூட்டுக்காரரு மேல மண்ணு சரிஞ்சுபோச்சு. எடுக்க முடியல. அவரு மேல கல்லுப் போட மனசு வரலீங்க. ஆளுக்கொரு கூடை மண்ணைச் சலிச்சுப் போட்டோம்."

"அப்ப மெத்தைதான். சேறு எளக்கமா இருந்தாத்தான் நங்கூரம் நல்லாப் பொதையும். கடலையே பாத்த இரும்பும்மா இது. ஒங்க கொளத்துக்குப் பயப்படுமாக்கும்."

போட்டான். நங்கூரம் படுத்த வாக்கில் அடிச்சேற்றைக் கடிக்கட்டும் என்று கயிற்றைத் தாராளமாக விட்டு, நுனியை மிதவையில் கட்டினான்.

மறுநாள் காலை வெண்பனியாய் மஞ்சு இறங்கியிருந்தது. காற்றே இல்லை. தளர்ந்து கிடந்த கயிறு விறைத்து, மிதவை கிணற்றுக்கு நேர்மேலே நின்றது. மூன்றாம் நாள் ஒரு மூலை டிரம் பாதி முங்கியிருந்தது.

பரிசலில் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

"வருதுங்களா சார்?" கரையிலிருந்து பாவாயியின் குரல்.

"இல்லம்மா. நாப்பது கிலோ இரும்பு இப்பிடி இழுக்காது."

"எப்பிடி இழுக்குது?"

"விட்டு விட்டு. கை மாத்திக் கை மாத்திப் புடிக்கிற மாதிரி."

பாவாயி தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்தாள்.

"அறுத்து உட்டுருங்க சார். அவரு ஏறி வரப் பாக்குறாரு."

தண்ணீர் மோட்டாரைத் தொட இரண்டு விரற்கடைதான் இருந்தது. அறுத்தான். மிதவை துள்ளி எழுந்தது.

கரையேறியதும் அவள் கேட்டாள்: "கயிறு எத்தனை முழமுங்க?"

"நாப்பத்தஞ்சு. நேர்குத்தா அம்புட்டும் போயிட்டு."

"தண்ணி எட்டு முழம். கெணறு இருபது. மிச்சப் பதினேழு எங்க போச்சுங்க?"

ஜான்பீட்டர் அன்றே மிதவையைக் கரையிலிருந்த இரண்டு பலாமரங்களுக்கு இழுத்துக் கட்டினான். பாவாயி அந்தக் கயிற்றை வெகுநேரம் பிடித்துப் பார்த்தாள்.

"சும்மாத்தான் இருக்குதுங்க," என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது.